தலையில் அடிபட்டு வருகிறவருக்கு ஸ்கேனா, ரத்தப் பரிசோதனையா, அப்சர்வேஷனா?

களக்காடு பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் பொறுப்பில் இருக்கிறேன். மும்பையில் கடை வைத்திருக்கும் ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர், தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு உதவும்படி ஒரு கருவி வாங்கித் தர முன்வந்திருக்கிறார். "ஸ்கேன் மெஷினே போட்டுருவோமா? இல்ல, ரத்தத்துலயே கண்டுபிடிக்கிற மெஷின் வந்திருக்காமே, அதையா?" என்பது அவர் கேள்வி. எது நமக்குச் சரிப்படும் என்று ஒரு குறிப்பு எழுதித் தரும்படி டாக்டரம்மா கேட்டார். அதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏர்வாடி, வள்ளியூர், திசையன்விளை, கடையம் என்று எங்களைப் போலவே சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்குப் பயன்படும். 'பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுமா, வேண்டாமா' என்று நடுராத்திரியில் தவிக்கிற வீட்டுக்காரர்களுக்கும் பயன்படும்.

சந்தேகமே இல்லாதவர்களை முதலில் ஒதுக்கிவிடலாம். தலைக்காயத்தின் கடுமையை அளக்க 1974-இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு பேர் கிளாஸ்கோவில் ஒரு அளவுகோல் வகுத்தார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. ஒன்றுக்குமே அசையாதவருக்கு 3. 8-க்குள் இருந்தால் கடுமை, 9 முதல் 12 வரை நடுத்தரம், 13 முதல் 15 வரை லேசு. 12-உம் அதற்குக் கீழும் இருக்கிறவருக்கு எந்த ஒப்பீடும் வேண்டாம். மூச்சுவழியைச் சரிசெய்து, கழுத்தை அசையாமல் கட்டி, 108-இல் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு அனுப்ப வேண்டியதுதான். அவருக்கு ரத்தம் எடுத்துச் சோதனை ஓட்டி ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது தீங்கு.

மீதிப் பேர்தான் கேள்வி. நாங்குநேரி பக்கம் நால்வழிச்சாலையில் பைக்கோடு சரிந்த கல்லூரிப் பையன், வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதும் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்து மல்லாக்க விழுந்த அம்மா, வாழைத்தார் லாரி மேலிருந்து தவறிய லோடுமேன், பனையில் பாதி உயரத்தில் வழுக்கியவர், கோயில் கொடை முடிந்து திரும்பும்போது விழுந்து, குடித்திருந்ததால் என்ன நடந்தது என்றே சொல்லத் தெரியாதவர். எல்லாரும் நடந்துதான் வருவார்கள், பேசவும் செய்வார்கள். கூட வந்தவர், "லேசான அடிதான் அண்ணாச்சி, தையல் மட்டும் போட்டு விட்டுருங்க" என்பார். அநேகமாக அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் சிலருக்கு மண்டை ஓட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தக்குழாய் கிழிந்து கசிந்துகொண்டிருக்கும். அவர் நன்றாகப் பேசுவார், காபி கேட்பார், சில மணி நேரத்தில் சரிந்துவிடுவார். நேரத்துக்கு மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்துவிட்டால் பழையபடி எழுந்து நடக்கக்கூடிய ஆள் அவர். இந்தச் சிலரை அந்தப் பலரிலிருந்து பிரித்தெடுப்பதுதான் வேலை. எந்தக் கருவி, எந்த முறை இதை நம் ஊரில் நன்றாகச் செய்யும் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

எல்லாரையும் ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவது

இப்போது எங்கள் பழக்கம் ஏறக்குறைய இதுதான். சி.டி. ஸ்கேனைப் போல ரத்தக்கசிவை வேகமாகவும் தெளிவாகவும் காட்டுவது இன்றைக்கு வேறில்லை. எலும்பு உடைந்திருக்கிறதா, ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு, மூளை ஒருபக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று சில நிமிடத்தில் படமாக வந்துவிடும். அறுவை செய்கிறவருக்கு இந்தப் படம் இல்லாமல் கை வைக்க முடியாது. எந்த ரத்தப் பரிசோதனையும் இந்த வேலையைச் செய்யாது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்த பிறகு, பணத்துக்குப் பயந்து பின்வாங்குவதும் குறைந்திருக்கிறது.

ஆனால் தூரம் அப்படியேதான் இருக்கிறது. களக்காட்டிலிருந்து ஹைகிரவுண்ட் 40 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியில் ஓர் ஆளை அனுப்பினால் கூட இரண்டு பேர் போக வேண்டும். ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி, விடிந்த பிறகு பஸ் பிடித்து வரும்போது மூன்று பேரின் ஒருநாள் கூலி போயிருக்கும். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்து 108 வண்டியும் இங்கே இருக்காது. கதிர்வீச்சைப் பற்றியும் கேட்கிறார்கள். தலை ஸ்கேன் ஒன்றுக்குச் சுமார் 2 மில்லி சீவர்ட். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஓர் ஆண்டில் வாங்குவதும் உலகச் சராசரியாக 2.4 தான். பெரியவருக்கு ஒரு தடவை எடுப்பதில் பயப்பட ஏதுமில்லை. குழந்தைகளுக்கு மட்டும் காரணம் இல்லாமல் எடுக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஸ்கேன் சுத்தமாக இருந்தால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருளில்லை. அமெரிக்காவில் டிராக்-டி.பி.ஐ. என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2019-இல் வெளியானது. சி.டி.யில் ஒன்றும் தெரியாத 450 பேருக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது 120 பேருக்குக் காயம் தெரிந்தது. அந்த 120 பேரின் ரத்தத்தில் ஒரு புரதம் மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. ரத்தப் பரிசோதனை பற்றிய பேச்சு இவ்வளவு சூடுபிடித்ததற்கு இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகள் ஒரு காரணம்.

ரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள்?

மூளை அடிபடும்போது அதன் செல்கள் சில உடைந்து, உள்ளே இருக்க வேண்டிய புரதங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றில் இரண்டு இப்போது முக்கியம். ஒன்று ஜி.எஃப்.ஏ.பி. நரம்பு செல்களைத் தாங்கிப் பராமரிக்கும் நட்சத்திர வடிவ செல்களிலிருந்து வருவது. மற்றது யு.சி.எச்.-எல்1. நரம்பு செல்லிலிருந்தே வருவது. முதலாவது அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் தென்படத் தொடங்கி, சுமார் 20 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நாள்கணக்கில் தங்கும். இரண்டாவது சீக்கிரம் ஏறி, 8 மணி நேரம் வாக்கில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதன் காரணம் இந்த நேர வித்தியாசம்தான்.

இதற்கு முன்பே எஸ்100பி என்ற இன்னொரு புரதத்தை ஐரோப்பாவில் பயன்படுத்தி வந்தார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013 வழிகாட்டுதலில், ஆபத்து குறைந்த பெரியவர்களுக்கு அடிபட்ட 6 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் இது லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் ஸ்கேனைத் தவிர்க்கலாம் என்று இருக்கிறது. பெரிய லேப்களில் ஏற்கெனவே இருக்கும் மெஷினிலேயே ஓட்டிவிடலாம். ஆனாலும் எங்களுக்கு இது ஒத்துவராது என்றுதான் எழுதிக் கொடுத்தேன். இந்தப் புரதம் மூளையில் மட்டும் இல்லை. கொழுப்பிலும், தோலுக்கு நிறம் தரும் செல்லிலும் இருக்கிறது. கால் எலும்பு முறிந்தாலும் ஏறும். எங்களிடம் வருகிறவர்கள் தலையில் மட்டும் அடிபட்டு வருவதில்லை. காரை எலும்பு முறிந்திருக்கும், முழங்கை முழுக்க ரோட்டில் தேய்ந்திருக்கும். ஏறிய எண் எதிலிருந்து ஏறியது என்று யார் சொல்வது? 6 மணி நேரக் கெடுவும் இங்கே கஷ்டம். தோட்டத்தில் விழுந்தவர் வீட்டுக்கு வந்து, தைலம் தேய்த்து, சாயங்காலம் தலைசுற்றல் நிற்காததால் வருகிறவர்.

ஆகவே பேச வேண்டியது ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.-எல்1 ஜோடியைத்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஜோடியைப் பார்க்கும் முதல் சோதனைக்கு 2018 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. அது லேபில் ஓட்டுவது. ரிசல்ட் வர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். 2021 ஜனவரியில் அபாட் கம்பெனியின் ஐ-ஸ்டாட் என்ற கைக்கருவியில் 15 நிமிடத்தில் பார்க்கும் சோதனை வந்தது. ஆனால் ரத்தத்தைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துத்தான் போட வேண்டும். 2024 ஏப்ரலில் அதுவும் வேண்டாம் என்று ஆனது. ஊதா மூடி டியூபில் எடுத்த ரத்தத்தில் சில துளிகளை, கருவியில் செருகுகிற கார்ட்ரிட்ஜ் என்ற சின்ன வில்லையில் அப்படியே விட்டால் போதும். 18 வயது நிரம்பியவர், கிளாஸ்கோ அளவு 13 முதல் 15, அடிபட்டு 24 மணி நேரத்துக்குள். இந்த மூன்று நிபந்தனையோடுதான் அனுமதி. நம் பக்கத்தில் இது இன்னும் டாக்டர் எழுதிக் கொடுத்தால் எந்த லேபிலும் பார்த்துவிடுகிற சோதனையாகிவிடவில்லை.

லேபில் இருக்கிறவனாக எனக்கு இந்தச் சென்ட்ரிஃப்யூஜ் விஷயம் பெரியது. ராத்திரி லேபில் ஒரே ஆள். டியூபைச் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நிறப் பிளாஸ்மாவைக் கீழே உள்ள செல் படலம் கலையாமல் பிப்பெட்டில் எடுக்க வேண்டும். நரம்பு கிடைக்காமல் மெல்லிய ஊசியில் கஷ்டப்பட்டு இழுத்த ரத்தமாக இருந்தால் சிவப்பணு உடைந்து பிளாஸ்மா இளஞ்சிவப்பாக வரும். அந்தச் சாம்பிளைப் போட்டால் எண்ணை நம்ப முடியாது, திரும்ப எடுக்க வேண்டும். முழு ரத்தத்தை அப்படியே விடுகிற கார்ட்ரிட்ஜ் வந்ததால் பாதி வேலை குறைகிறது. ஆனால் முழு ரத்தத்தில் செல் உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ரத்தம் எடுக்கிற கை பழகிய கையாக இருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் பிளாஸ்மா கார்ட்ரிட்ஜா, முழு ரத்தக் கார்ட்ரிட்ஜா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்.

அந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்

2018 அனுமதிக்கு அடிப்படையாக இருந்தது அலர்ட்-டி.பி.ஐ. என்ற ஆய்வு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக 22 இடங்கள், 1,959 பேர். எல்லாருக்கும் ஸ்கேனும் எடுத்தார்கள், ரத்தமும் பார்த்தார்கள். ஸ்கேனில் காயம் தெரிந்தது 125 பேருக்கு. அவர்களிலும் மூளை அறுவைக்கு இடமிருந்தது 8 பேருக்கு மட்டும். ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று சொன்னது 671 பேரை. அந்த 671 பேரில் ஸ்கேனில் காயம் இருந்தும் தப்பவிட்டது 3 பேரை. அந்த மூன்று பேருக்கும் அறுவை தேவைப்படவில்லை. அதாவது சோதனை 'இல்லை' என்றால் ஆயிரத்தில் 996 தடவை சரி.

விளம்பரத்தில் போடுவது இதுவரைக்கும்தான். மறுபக்கம் இருக்கிறது. பாசிட்டிவ் என்று வந்தவர்கள் 1,288 பேர். அவர்களில் ஸ்கேனில் நிஜமாகவே காயம் இருந்தது 122 பேருக்கு. பாசிட்டிவ் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சொளகில் புடைக்கிற மாதிரிதான் இது. பதர் பறந்துவிடும், ஆனால் சொளகில் தங்கியதெல்லாம் நெல்லாகிவிடாது.

இந்தச் சோதனை 'இல்லை' என்று சொல்வதற்காகச் செய்யப்பட்டது. பாசிட்டிவ் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'மூளையில ரத்தக்கட்டு' என்று வீட்டுக்காரரிடம் சொல்வது தப்பு. 'ஸ்கேன் எடுத்தாக வேண்டும்' என்பதுதான் அதன் பொருள். அதேபோல நெகட்டிவ் வந்தவருக்குத் தலைவலி, மறதி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, தூக்கம் கெடுவது எல்லாம் வாரக்கணக்கில் இருக்கலாம். அவருக்கு மூளை அதிர்ச்சியே இல்லை என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. ஸ்கேனில் தெரிகிற அளவுக்குக் காயம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் சொல்கிறது. மும்பை அண்ணாச்சிக்கு நான் முதலில் விளக்கியது இதைத்தான், ஏனென்றால் 'ரத்தத்திலேயே கண்டுபிடிக்கிற மெஷின்' என்று கேள்விப்படுகிறவர் மனதில் வேறு படம் இருக்கிறது.

மொத்தக் கணக்காகப் பார்த்தால், ஸ்கேனுக்குப் போக வேண்டிய மூன்று பேரில் ஒருவரைத்தான் இது மிச்சப்படுத்துகிறது. ஸ்கேன் மெஷின் மாடியில் இருக்கிற பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இந்த மிச்சம் சொற்பம். மாடிக்குத் தள்ளிக்கொண்டு போவது கார்ட்ரிட்ஜ் விலையைவிடச் சுலபம். 40, 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்களுக்கும் திசையன்விளைக்காரர்களுக்கும், மலை மேல் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவருக்கும் மூன்றில் ஒன்று என்பது பெரிய விஷயம். இந்த ஊர்ப் பக்கம் இந்தச் சோதனைக்கு நியாயமான இடம் எங்கே என்று கேட்டால், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியைவிட ஸ்கேனிலிருந்து தூரத்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிதான் என்பேன்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயதாக ஆக ஜி.எஃப்.ஏ.பி. தானாகவே ரத்தத்தில் கூடுகிறது. மறதி நோய் இருக்கிறவர்களுக்கும் கூடும். ஆகவே வழுக்கி விழுந்த 75 வயது ஆச்சிக்கு இதைப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லாமலே பாசிட்டிவ் வர வாய்ப்பு அதிகம். அவருக்குச் சோதனை வீண்செலவு, நேரே ஸ்கேன்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அப்படியே. வயதானவர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் இரண்டு, மூன்று வாரம் கழித்து மெதுவாகச் சேர்ந்த ரத்தம் தொந்தரவு கொடுப்பதும் உண்டு. 24 மணி நேரத்துக்குள் பார்க்கிற எந்தச் சோதனையும் அதற்கு உதவாது.

குடித்துவிட்டு வந்தவர் விஷயத்தில் எனக்கு இந்தச் சோதனை மேல் ஒரு தனி ஆசை உண்டு. 'குடிச்சிருக்கான், அதான் உளறுறான்' என்று ஒரு மூலையில் படுக்கவைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. உளறல் குடியாலா, ரத்தக்கட்டாலா என்று பேச்சையும் நடையையும் வைத்துச் சொல்ல முடியாத இடத்தில், பேச்சையும் நடையையும் நம்பாத ஓர் அளவு கையில் இருப்பது நல்லது. ஆனால் அவர் கிளாஸ்கோ அளவில் 13-க்குக் கீழே போய்விட்டால் காரணம் குடியாக இருந்தாலும் வண்டி ஏற்ற வேண்டும்.

ஒரு செலவும் இல்லாத வழி

விதியை வைத்துப் பிரிப்பதும், பக்கத்தில் இருந்து கவனிப்பதும்தான் அது. கனடாவில் ஸ்டீல் என்ற மருத்துவரின் குழு 2001-இல் ஒரு விதி வகுத்தது. சற்று நேரமாவது நினைவு தப்பியவர், நடந்தது மறந்துபோனவர், தடுமாறுகிறவர் ஆகியோருக்கு அது பொருந்தும். அடிபட்டு 2 மணி நேரம் ஆகியும் அளவு 15-க்கு வரவில்லை, மண்டை ஓடு உடைந்த சந்தேகம், கண்ணைச் சுற்றிக் கறுத்தல், காதுக்குப் பின்னால் நீலம் பாரித்தல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல், இரண்டு தடவையோ அதற்கு மேலோ வாந்தி, 65 வயதும் அதற்கு மேலும். இவை அதிக ஆபத்து அடையாளங்கள், இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன். அடிபடுவதற்கு முந்தைய அரைமணி நேர நினைவு போயிருந்தாலோ, நடந்து போனவர் மேல் வண்டி மோதியிருந்தாலோ, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டிருந்தாலோ, மூன்றடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ அதுவும் நடுத்தர ஆபத்தாகக் கணக்கில் சேரும். பனையிலிருந்து விழுந்தவர் எல்லாரும் இதில் வந்துவிடுவார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வாந்தி என்பதை நான் ஒன்றாகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன். கூட வந்தவர்கள் வழியில் எடுத்த வாந்தியை எண்ணிச் சொல்வதில்லை.

குழந்தைகளுக்கு வேறு விதி. அமெரிக்காவில் 42,412 பிள்ளைகளைப் பார்த்து 2009-இல் வெளியிட்டது. 2 வயதுக்குள், அதற்கு மேல் என்று பிரித்து, யாருக்கு ஸ்கேன் வேண்டாம், யாரைச் சில மணி நேரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்று சொல்கிறது. ரத்தப் பரிசோதனை 18 வயதுக்குக் கீழே கிடையாது என்பதால் பிள்ளைகள் விஷயத்தில் இதுதான் நமக்குத் துணை.

அப்சர்வேஷன் என்பதை நாம் மலிவாக நினைக்கிறோம். படுக்கையில் போட்டு வைப்பது அப்சர்வேஷன் ஆகாது. அளவு 15-க்கு வந்தபின் முதல் 2 மணி நேரம் அரைமணிக்கு ஒரு தடவை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கு ஒரு தடவை, அதன்பின் 2 மணிக்கு ஒரு தடவை என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் எழுப்ப வேண்டும். பெயர், ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்க வேண்டும். இரண்டு கையையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி வலு சமமா என்று பார்க்க வேண்டும். டார்ச் அடித்துக் கண்மணி இரண்டும் ஒரே அளவில் சுருங்குகிறதா என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். 'இப்பதான் கண் அசந்தான், ஏன்மா எழுப்புற?' என்று வீட்டு ஆள் கோபப்படுவார். எங்கள் நர்ஸ் ஒருவர் இதற்குப் பதில் சொல்லும் முறை எனக்குப் பிடிக்கும்: "நான் எழுப்பலைன்னா அவரு தூங்குதாரா மயங்கிட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும் அத்தை?" என்பார். அதற்குப் பிறகு அந்த அத்தையே மணி பார்த்து நர்ஸைக் கூப்பிடுவார்.

இதில் குறை என்னவென்றால் ஆள். ராத்திரி வார்டுக்கு ஒரு நர்ஸ். பிரசவம் ஒன்று வந்துவிட்டால் அரைமணிக்கு ஒரு தடவை என்பது தாளில் மட்டும் நடக்கும். கவனிப்பு ஒன்றைத் தடுப்பதும் இல்லை. கெட்டுப்போவதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். கண்டுபிடித்த பிறகும் 40 கிலோமீட்டர் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே வாங்கித் தருவதுதான் ரத்தப் பரிசோதனையின் மதிப்பு.

மற்ற இரண்டு

அகச்சிவப்பு ஒளியைத் தலையில் பாய்ச்சி ரத்தக்கட்டைத் தேடும் கைக்கருவிகள் இருக்கின்றன. இந்தியாவிலேயே உருவான செரெபோ இந்த வகை. அமெரிக்காவில் 2011-இல் அனுமதி வாங்கிய இன்ஃப்ராஸ்கேனரும் இந்த வகைதான். அது இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 3.5 மில்லிக்கு மேற்பட்ட ரத்தம், மேற்பரப்பிலிருந்து 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் காட்டும். ஆழத்தில் இருந்தால் தெரியாது. ஊசி வேண்டாம், திரும்பத் திரும்பப் பார்க்கலாம், கார்ட்ரிட்ஜ் செலவு இல்லை. 108 வண்டியில் வைக்க நல்ல கருவி. ஆனால் 'ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்ல இதை நம்ப மாட்டேன். தலைத்தோலுக்கு வெளியே வீங்கி நிற்கிற ரத்தமும் இதைக் குழப்பும். எங்களிடம் வருகிற பாதிப் பேருக்கு அந்த வீக்கம் இருக்கிறது.

சொந்தமாக சி.டி. போடுவது பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, ஈயம் பதித்த அறை, மும்முனை மின்சாரம், ராத்திரி டெக்னீஷியன், படத்தைப் படித்துச் சொல்ல ஆள், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். அண்ணாச்சியின் பணம் மெஷினோடு தீர்ந்துவிடும், மற்றதெல்லாம் மாதாமாதம் எங்கள் தலையில். ராத்திரியில் டெக்னீஷியன் இல்லாத ஸ்கேன், அது எந்த நேரத்தில் வேண்டுமோ அந்த நேரத்தில் பூட்டியிருக்கும்.

நான் எழுதிக் கொடுத்தது

முதல் செலவு ராத்திரி நர்ஸுக்கு. தலைக்காயத்துக்கென்று இரண்டு படுக்கை, அதற்கு ஓர் ஆள், மூன்று வருடச் சம்பளம். கல்வெட்டில் பெயர் பொறிக்கிற மாதிரி இல்லையே என்று அண்ணாச்சி யோசிப்பார் என்று தெரியும். மெஷின் வாங்கித் தர ஊருக்கு ஊர் ஆள் உண்டு, ராத்திரி முழித்திருக்கிறவருக்குச் சம்பளம் தர ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் அவரிடமே கேட்கச் சொன்னேன். ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தவரையும் சில மணி நேரம் யாராவது பார்க்கத்தானே வேண்டும்? அந்த ஆள் இல்லாமல் கார்ட்ரிட்ஜ் வாங்குவது அரைகுறை வேலை.

அடுத்தது முழு ரத்தக் கார்ட்ரிட்ஜ் உள்ள கைக்கருவி, சப்ளை உறுதியாகக் கிடைத்தால். யாருக்குப் பார்ப்பது என்பதை எழுதி லேப் சுவரில் ஒட்டிவிட வேண்டும்: 18 முதல் 64 வயது, அளவு 13 முதல் 15, அடிபட்டு 24 மணி நேரத்துக்குள், கனடா விதியில் அதிக ஆபத்து என்று சொன்ன எதுவும் இல்லை, ரத்தம் உறையாமைக்கு மாத்திரை இல்லை, வலிப்பு வரவில்லை, ஆனாலும் டாக்டருக்கு மனசு ஒப்பவில்லை. இந்த நடுக்கூட்டத்துக்கு மட்டும். நெகட்டிவ் என்றால் அப்சர்வேஷன், பாசிட்டிவ் என்றால் வண்டி. அதிக ஆபத்து அடையாளம் ஒன்று இருந்தாலும் ரத்தம் எடுக்காமலே வண்டி. பதினைந்து நிமிடம்தானே என்று அவருக்கும் பார்க்கத் தொடங்கினால், அந்தப் பதினைந்து நிமிடம் சாம்பிள் எடுத்து, எண் பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரமாகிவிடும்.

இந்தத் துறை நகர்ந்துகொண்டிருப்பதையும் அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டும். 2025-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்றாகப் பிரிக்கும் பழைய முறைக்குப் பதில், நோயாளியின் நிலை, ரத்தக் குறியீடு, ஸ்கேன் படம், பாதிக்கும் மற்ற காரணங்கள் என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்கும் புது முறையை முன்வைத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை அதில் ஒரு தூணாக வந்துவிட்டது. ஆகவே இன்றைக்கு வாங்காவிட்டாலும் சில வருடங்களில் வாங்கத்தான் வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வாங்கும்போது விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை. இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இந்திய அனுமதி இருக்கிறதா, அதன் நகல் தருவார்களா? ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கிற சரக்கு அது. மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் வழியில் குளிர் கெடவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? இந்த மாதிரிக் கைக்கருவிகள் பொதுவாக 30 டிகிரி வரைதான் வேலை செய்யும். சித்திரை, வைகாசியில் எங்கள் கேஷுவாலிட்டி அதைத் தாண்டிவிடும், ஆகவே ஏ.சி. இருக்கிற லேபில் வைத்தால் போதுமா? மாதம் நாலைந்து பேருக்குத்தான் பார்ப்போம் என்றால் காலாவதி ஆகாத அளவுக்குச் சின்னப் பெட்டியாகத் தருவார்களா? கருவி பழுதானால் மாற்றுக் கருவி எத்தனை நாளில் வரும்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு விலை பேசலாம்.